தென்னை மரமேறும் பயிற்சி: உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தானே நடத்தி நிர்வகிக்க முழுமையான வழிகாட்டி

பொள்ளாச்சி, உடுமலை, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தென்னை நிறைந்த வட்டாரங்களில் இயங்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு இந்த வழிகாட்டி. மரம் ஏற ஆள் கிடைக்கவில்லை, நாமே இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிடலாம் என்று முடிவெடுக்கும் இயக்குநர் குழுக்கள் பல. அந்தப் பயிற்சிகள் கவிழ்வது பெரும்பாலும் அலுவலக மேசையில்தான். யார் முடிவெடுப்பது, யார் கையெழுத்து, பணம் எப்போது வரும், ஆபத்து என்றால் யார் நிறுத்துவது ஆகிய நான்கும் தெளிவாகும் முன்பே பேனர் அடித்துவிடுகிறார்கள்.

சரியான வரிசை இது: தேவைக் கணக்கு, தீர்மானம், பயிற்சிக் குழு, பாடத்திட்டம், பணம், களம், ஆள் தேர்வு, பயிற்சி, மதிப்பீடு, பின்தொடர்தல். புதிதாக நடத்துபவர்கள் ஆள் தேர்வில் தொடங்குகிறார்கள். பெயர்ப் பட்டியல் தயாரான பிறகு பாடத்திட்டத்தை அதற்கேற்ப வளைக்கிறார்கள். பாதிக் கோளாறுகள் இங்கிருந்தே வருகின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நிறுவனத்தின் மெமோராண்டம் (நோக்கங்களைச் சொல்லும் அமைப்பு ஆவணம்), ஆர்ட்டிகிள்ஸ் (உள்விதிகள்) நகல், உறுப்பினர் பதிவேடு, தணிக்கை முடிந்த கடைசி ஆண்டுக் கணக்கு, இயக்குநர்கள் தங்கள் சொந்த நலன்களை வெளிப்படுத்தித் தந்த எம்.பி.பி–1 படிவங்கள், அடுத்த 6 மாத இயக்குநர் குழுக் கூட்டத் தேதிகள். இவை அனைத்தும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

மெமோராண்டத்தைத் திறந்து நோக்கங்கள் பகுதியில் பயிற்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 378பி பிரிவு, உற்பத்தியாளர் நிறுவனம் உறுப்பினர் நலனுக்காகப் பயிற்சி தருவதை அனுமதிக்கப்பட்ட நோக்கங்களில் ஒன்றாகவே சொல்கிறது. ஆனால் உங்கள் மெமோராண்டத்தை எழுதியவர் அந்த வரியை விட்டிருக்கலாம். கொள்முதல், விற்பனை என்று மட்டும் எழுதி முடித்த ஏடுகள் உண்டு. அப்படியென்றால் முதலில் திருத்தம், பிறகுதான் பயிற்சி. தணிக்கையில் கேள்வி எழுந்த பிறகு திருத்தினால், செலவு செய்த பணத்துக்கு விளக்கம் சொல்ல முடியாமல் போகும்.

கூட்டத் தேதிகள் எதற்கு என்று தோன்றலாம். சட்டப்படி இயக்குநர் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும். பல நிறுவனங்கள் அந்த நான்கோடு நிறுத்திக்கொள்கின்றன. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்த ஒப்புதலுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் காற்றுக்காலமோ மழைக்காலமோ வந்துவிடும். பொள்ளாச்சிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கற்றுக்குட்டிகளை மரத்தில் ஏற்றக்கூடாது. பட்டுக்கோட்டைப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். இரண்டு இடத்துக்கும் பொருந்தும் காலம் ஜனவரி முதல் மே வரை. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால், முதல் தீர்மானம் செப்டம்பர் வாக்கில் நடக்கும் கூட்டத்தில் வந்தாக வேண்டும்.

2. தேவையைக் கணக்குப் போடுங்கள்

‘ஆள் பற்றாக்குறை அதிகம்’ என்ற வரியை வைத்து எந்த இயக்குநர் குழுவும் பணம் ஒதுக்கக்கூடாது. எண்ணாகச் சொல்லுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு:

300 உறுப்பினர்கள், ஆளுக்குச் சராசரி 3 ஏக்கர், ஏக்கருக்கு 70 மரம் என்றால் 63,000 மரங்கள். 45 நாளுக்கு ஒரு வெட்டு என்றால் ஆண்டுக்கு 8 முறை. மொத்தம் 5,04,000 ஏற்றங்கள். ஒருவர் நாளுக்கு 40 மரம், ஆண்டுக்கு 200 நாள் ஏறுவார் என்று வைத்தால் 8,000 ஏற்றங்கள். தேவை 63 பேர். இப்போது 40 பேர் இருந்தால் பற்றாக்குறை 23.

நாளுக்கு 40 மரம் என்பது எடுத்துக்காட்டுக்கு வைத்த எண். உங்கள் ஊரில் கருவியில் ஏறுபவர் ஒருவரோடு இரண்டு நாள் நின்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணைப் போடுங்கள். மரத்தின் உயரமும், ஊடுபயிர் இருக்கிறதா என்பதும் கணக்கை வெகுவாக மாற்றும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. பொள்ளாச்சிப் பகுதியில் பல தோப்புகளில் நீளக் கம்பில் அரிவாள் கட்டி, கீழே நின்றே காய் வெட்டுகிறார்கள். அந்தத் தோப்புகளை வெட்டுக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். முழுக்கவும் விட்டுவிடவும் கூடாது. கொண்டைச் சுத்தம், வண்டுக்கு மருந்து வைப்பது ஆகியவற்றுக்குக் கம்பு உதவாது, ஏறித்தான் ஆக வேண்டும். அவற்றுக்கு ஆண்டுக்கு எத்தனை முறை ஆள் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுத் தனியாகச் சேருங்கள்.

23 பேர் குறைகிறார்கள் என்பதற்காக 23 பேருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாது. சிலர் பாதியில் விலகுவார்கள், சிலர் சான்றிதழோடு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். இரண்டு அணி, அணிக்கு 20 பேர் என்று திட்டமிடுவது நியாயமானது. இரண்டாவது அணியை எப்போது தொடங்கலாம் என்பது கடைசிப் பகுதியில் வருகிறது.

3. இயக்குநர் குழுத் தீர்மானம்

கூட்ட அறிவிப்பு எழுத்து மூலம், குறைந்தது 7 நாள் முன்பு போக வேண்டும். அதை அனுப்புவது முதன்மைச் செயல் அலுவலரின் பொறுப்பு. கூட்டம் செல்லுபடியாக மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கும், எப்படியும் குறைந்தது 3 பேரும் இருக்க வேண்டும். 12 இயக்குநர்கள் என்றால் 4 பேர்; 5 இயக்குநர்கள் என்றால் 3 பேர்.

‘பயிற்சி நடத்தத் தீர்மானிக்கப்பட்டது’ என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். எத்தனை பேர், எவ்வளவு பணம் வரை, யார் கையெழுத்து, எந்தத் தேதி வரை என்ற நான்கும் தீர்மானத்தில் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

“உறுப்பினர்களின் தோப்புகளில் மரமேறும் ஆள் பற்றாக்குறையைக் குறைக்க, 20 பேர் கொண்ட ஓர் அணிக்குக் கருவி கொண்டு தென்னை மரம் ஏறும் பயிற்சி நடத்த இக்குழு தீர்மானிக்கிறது. மொத்தச் செலவு ரூ. ____-ஐத் தாண்டக்கூடாது, அதில் நிறுவனத்தின் சொந்த நிதி ரூ. ____ வரை. ஒப்பந்தங்களில் முதன்மைச் செயல் அலுவலர் கையெழுத்திடுவார். காசோலைகளில் அவரும் இயக்குநர் ____ அவர்களும் சேர்ந்து கையெழுத்திடுவர். இந்த அனுமதி ____ தேதி வரை செல்லும்.”

காலவரம்பு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அரசுத் திட்டப் பணம் ஓர் ஆண்டு தள்ளி வந்தாலும் பழைய தீர்மானத்தைக் காட்டியே செலவு தொடங்கிவிடும். அதற்குள் கூலியும் கருவி விலையும் மாறியிருக்கும், இயக்குநர்களே மாறியிருக்கலாம். தேதி முடிந்த அனுமதி, விஷயத்தை மறுபடி மேசைக்குக் கொண்டுவரும்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பை 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். பக்கங்களுக்கு வரிசை எண் இருக்க வேண்டும்.

4. பயிற்சிக் குழு: அமைப்பும் எல்லையும்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். மற்ற தவறுகளைப் பாதி வழியில் திருத்திக்கொள்ளலாம், இங்கே செய்யும் தவறு கோப்பு முழுக்கப் பரவும்.

சட்டத்தின் 378யூ பிரிவு, இயக்குநர் குழு தனக்கு உதவியாகக் குழுக்கள் அமைக்கலாம் என்கிறது. கூடவே ஒரு தடையும் போடுகிறது: இயக்குநர் குழு தன் அதிகாரம் எதையும், முதன்மைச் செயல் அலுவலரின் அதிகாரத்தையும், அந்தக் குழுவிடம் ஒப்படைக்கக் கூடாது. ஆக, பயிற்சிக் குழு ஆலோசனை சொல்லும், கண்காணிக்கும், அறிக்கை தரும். ஆசிரியரை நியமிக்காது, பணம் ஒதுக்காது, காசோலையில் கையெழுத்திடாது. ‘பயிற்சிக் குழு முடிவு செய்தபடி ரூ. 40,000 வழங்கப்பட்டது’ என்று ஒரு வவுச்சரில் எழுதினால், அந்த வவுச்சரே செல்லாத முடிவுக்குச் சாட்சி ஆகிவிடும்.

வெளியாட்களை இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்க்கும்போது ஓர் இயக்குநரோ முதன்மைச் செயல் அலுவலரோ குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும். குழுவின் ஒவ்வொரு கூட்டக் குறிப்பும் அடுத்த இயக்குநர் குழுக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும்.

ஏழு பேர் போதும். ஓர் இயக்குநர், முதன்மைச் செயல் அலுவலர், இப்போதும் மரம் ஏறிக்கொண்டிருக்கும் தொழிலாளர் இருவர், ஆள் வைத்துக் காய் வெட்டும் தோப்புக்காரர் ஒருவர், பெண் உறுப்பினர் ஒருவர், வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்தோ தென்னை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தோ ஒரு வல்லுநர். பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருக்கிறது.

மரமேறும் தொழிலாளர் இருவர் என்று சொன்னதில் ஒருவரைக்கூடக் குறைக்காதீர்கள். ஒருவர் மட்டும் இருந்தால், முதலாளி தரப்பு நிறைந்த கூட்டத்தில் பேச மாட்டார். எந்த மரம் வழுக்கும், எந்தத் தோப்பில் மின்கம்பி தாழ்வாகப் போகிறது, எந்தக் கூலிக்கு ஆள் நிற்க மாட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கூட்டத்துக்கு வரும் நாளில் அவர்கள் அன்றைய கூலியை இழக்கிறார்கள். குழு உறுப்பினர்களுக்கான படியை இயக்குநர் குழு தீர்மானிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் வையுங்கள்.

நிறுவனத் தலைவரே பயிற்சிக் குழுவுக்கும் தலைவராக இருப்பது வழக்கமாகிவிட்டது. அதைத் தவிர்ப்பது நல்லது. குழுவின் குறிப்பைக் கேள்வி கேட்க வேண்டியவரே அதை எழுதியவராகவும் இருந்தால், இயக்குநர் குழுவில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எல்லையை ஒரே தாளில் எழுதி, கையெழுத்து வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள்:

- இயக்குநர் குழு: ஆண்டுத் திட்டம், செலவு உச்சவரம்பு, பாடத்திட்ட ஒப்புதல், ஒப்பந்த ஒப்புதல், அடுத்த அணிக்கு அனுமதி.
- முதன்மைச் செயல் அலுவலர்: ஆசிரியர் நியமனம், கொள்முதல், பட்டுவாடா, பதிவேடுகள், அரசுக்கான அறிக்கைகள்.
- பயிற்சிக் குழு: தேவைக் கணக்கு, ஆள் தேர்வுப் பரிந்துரை, களத் தேர்வு, வாராந்திரப் பார்வை, பின்தொடர்தல் அறிக்கை.
- பாதுகாப்புப் பொறுப்பாளர்: எந்த நிமிடமும், யாரையும் கேட்காமல், ஏற்றத்தை நிறுத்துவது. இதை முதன்மைச் செயல் அலுவலர் எழுத்தாணையாகத் தர வேண்டும்.

5. சொந்த நலன் குறுக்கிடும்போது

சிற்றூர் நிறுவனங்களில் இது வராமல் இருக்காது. ஓர் இயக்குநரின் தோப்பு பயிற்சிக் களம், இன்னொருவரின் தம்பி ஆசிரியர், மூன்றாமவரின் மண்டபம் வாடகைக்கு. மூன்றுமே நல்ல தேர்வாகவும் இருக்கலாம். ஆனால் சம்பந்தப்பட்ட இயக்குநர் கூட்டத்தில் அதை வெளிப்படையாகச் சொல்லி, அந்தப் பொருள் விவாதிக்கப்படும்போது விலகி இருக்க வேண்டும். குறிப்பிலும் அது பதிவாக வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டின் முதல் கூட்டத்திலும் எம்.பி.பி–1 வாங்குவது இதற்காகவே.

தோப்பை இலவசமாகக் கொடுக்கும் இயக்குநரிடமும் எழுதி வாங்குங்கள். பயிற்சி நாட்களில் வெட்டும் காய் யாருக்கு என்று அதில் இருக்கட்டும். இலவசக் களம் என்று சொல்லிவிட்டு, பயிற்சி பெறுபவர்களை வைத்துக் கூலியில்லாமல் தோப்பு முழுவதையும் வெட்டிக்கொண்டார் என்ற பேச்சு கிளம்பினால், அந்த ஊரில் அடுத்த அணிக்கு ஆள் கிடைக்காது.

6. எந்தப் பாடத்திட்டம், யாருடைய சான்றிதழ்

மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சி ஆறு நாள்; ஏறும் கருவியும் அதில் சேரும். மரமேறுவதே நோக்கம் என்றால் இதுதான் முதலில் முயல வேண்டியது.

கிராமப்புற இளைஞர் திறன் பயிற்சி ஏழு நாள், அணிக்கு 15 பேர். தேசிய அளவில் ஐதராபாத்தின் மேனேஜ் என்னும் தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனமும், தமிழ்நாட்டில் குடுமியான்மலையில் உள்ள மாநிலப் பயிற்சி நிலையமும் இதில் பொறுப்பு வகிக்கின்றன. நாற்றங்கால், பூச்சி மேலாண்மை போன்ற துணைத் திறன்களுக்கு இது பொருந்தும். உள்ளூரில் அட்மா என்னும் வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமைத் திட்டத்தின் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளரைப் பாருங்கள்.

தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்புக்கு உட்பட்ட, 200 மணி நேரமும் அதற்கு மேலும் ஓடும் படிப்புகள் மூன்றாவது. இந்தக் கட்டமைப்பு 2013-இல் 10 நிலைகளோடு வந்தது. 2023-இல் 8 நிலைகளாகத் திருத்தப்பட்டது. பழைய கையேட்டில் உள்ள நிலை எண்ணை அப்படியே விண்ணப்பத்தில் எழுதி, திருப்பி அனுப்பப்பட்ட கோப்புகள் ஏராளம். தகுதியின் நடப்புப் பதிப்பை இந்திய வேளாண் திறன் குழுமத்தின் தளத்தில் பார்த்து, பதிப்பு எண்ணையும் செல்லுபடித் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு விதியை மீறவே கூடாது. அங்கீகாரம் பெற்ற சான்றளிக்கும் அமைப்பு கொடுக்காத தாளில் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று அச்சடிக்காதீர்கள். உங்கள் நிறுவனம் தரும் தாளுக்குப் ‘பங்கேற்புச் சான்று’ என்று பெயர். அதில் நாட்கள், மணி நேரம், கற்றவை ஆகியவற்றை எழுதினாலே மதிப்பு உண்டு. பொய்யான முத்திரையை நம்பி வங்கிக்குப் போய் அவமானப்பட்டுத் திரும்பும் இளைஞருக்கு ஈடு செய்ய வழியில்லை.

தமிழ்நாட்டில் தென்னை வேளாண்மைத் துறையின் கீழ் வருகிறது. புதியவர்கள் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் இரண்டு வாரம் அலைவதுண்டு. வட்டார வேளாண் உதவி இயக்குநரிடம் நேராகப் போங்கள்.

7. பணம்

திட்டத்தில் ‘அனுமதி’ வேறு, ‘முன்பணம்’ வேறு. அனுமதிக் கடிதம் வந்ததும் செலவு தொடங்கி, பணம் பயிற்சி முடிந்த பிறகே வரும் என்று அப்போது அறிந்துகொள்வார்கள். ஆகவே, முழு அணிச் செலவையும் மூன்று மாதம் சொந்தமாகத் தாங்க முடியுமா என்று கணக்குப் பார்த்த பிறகே தேதி குறியுங்கள். முடியாவிட்டால் தேதியைத் தள்ளுங்கள். உறுப்பினர்களின் தேங்காய்க்குக் கொடுக்க வேண்டிய பணத்தை இதற்காகத் தொடவே கூடாது.

பயிற்சிக்குத் தனிப் பேரேடு, முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. மத்திய அரசு மானியம் என்றால் பயன்பாட்டுச் சான்றிதழைப் பொது நிதி விதிகளின் ஜி.எஃப்.ஆர் 12–ஏ படிவத்தில் கேட்பார்கள். பேரேடு தனியாக இருந்தால் அது ஒரு நாள் வேலை. கலந்திருந்தால் ஒரு மாதம் இழுக்கும். பயிற்சி பெறுபவர்களின் உதவித்தொகையை ரொக்கமாகக் கொடுக்காமல் அவரவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள்.

கருவியைத் திட்டமே தந்துவிட்டால் கவலையில்லை. நிறுவனம் வாங்கித் தருகிறது என்றால் கவனம் தேவை. உற்பத்தியாளர் நிறுவனம் தரும் கடன் பற்றிச் சட்டம் பேசும் இடத்தில் ‘உறுப்பினர்களுக்கு’ என்றே இருக்கிறது. மரம் ஏற வரும் இளைஞர்களில் பலர் நிலமில்லாதவர்கள். அதனால் உறுப்பினர்களும் அல்லர். அவர்களுக்குத் ‘தவணைக் கடன்’ என்று எழுதினால் சிக்கல். கருவியை நிறுவனச் சொத்தாக வைத்து, சொத்துப் பதிவேட்டில் எண்ணிட்டு, நாள் வாடகைக்குக் கொடுங்கள்.

8. களமும் ஆசிரியரும்

மரத்தில் ஏறுபவர் ஐந்து பேருக்கு ஓர் ஆசிரியர். அதற்கு மேல் கண் எட்டாது. 20 பேர் அணியை இரண்டாகப் பிரியுங்கள். 10 பேர் ஏறும்போது மற்ற 10 பேர் கீழே பூச்சி, நோய், காய் முற்றல் பாடத்தில் இருக்கட்டும். ஏற்றத்துக்கு இரண்டு ஆசிரியர், கீழ்ப்பாடத்துக்கு ஒருவர், தனியாக ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர். கருவி 10 போதும், மாற்றுக்கு 2.

களத்தில் குறைந்தது 20 மரம் வேண்டும். 5 முதல் 6 மீட்டர் உயரத்தில் பாதி, 10 முதல் 12 மீட்டரில் பாதி. சாய்ந்த மரம், அடியில் கிணறோ கல்வரப்போ வாய்க்கால் கட்டையோ உள்ள மரம், மின்கம்பி அருகில் உள்ள மரம் மூன்றையும் முதல் நாளே சிவப்புப் பெயின்ட் அடித்து ஒதுக்குங்கள். வாயால் சொன்னால் மூன்றாம் நாள் மறந்துவிடும்.

9. ஆள் தேர்வு

18 வயது நிறைந்திருக்க வேண்டும். பள்ளிச் சான்று அல்லது பிறப்புச் சான்று பாருங்கள். வலிப்பு, தலைச்சுற்றல், கட்டுப்படாத இரத்த அழுத்தம் இல்லை என்று ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரிடம் எழுத்து வாங்குங்கள்.

ஆதார் நகல் வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே போதும். 20 பேரின் முழு ஆதார் நகலும் அலுவலக மேசையில் கிடப்பது பெரிய அலட்சியம்.

தேர்வின்போது கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி: அடுத்த ஆறு மாதம் இந்த வட்டாரத்தில் இருப்பீர்களா? இயக்குநர்களின் பரிந்துரைப் பட்டியல் வந்தால், அதையும் அதே கேள்வி, அதே மருத்துவச் சான்று வழியாகவே எடுங்கள்.

பெண்களும் நன்றாக ஏறுகிறார்கள். அறிவிப்பில் ‘இளைஞர்கள்’ என்று மட்டும் போடாமல் ‘ஆண், பெண் இருபாலரும்’ என்று எழுதினாலே விண்ணப்பம் வரும். கழிப்பறையும் உடை மாற்ற மறைவிடமும் களத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்தில் 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரிந்தால், 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அதற்குக் குறைந்தால் மாவட்ட அளவிலான குழுவை அணுகும் வழியை முதல் நாளே அறிவிக்க வேண்டும்.

10. பயிற்சி நாட்களும் பாதுகாப்பும்

ஏற்றம் காலை 6.30 முதல் 10.30 வரை. வெயில் ஏறிய பிறகு கை வியர்த்துப் பிடி நழுவும். மதியம் கீழ்ப்பாடம்.

முதல் நாள் யாரும் ஒரு மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கருவியின் கம்பிவடத்தைத் தண்டின் பருமனுக்கு ஏற்றபடி அளவு வைப்பது, வலது இடது பகுதிகளை மாற்றி மாற்றி நகர்த்துவது, இறங்குவது, இவை மட்டும். இறங்குவதை முதலில் கற்பிக்க வேண்டும். ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் பதறும்போதுதான் கை தவறுகிறது. இரண்டாம் நாள் 3 மீட்டர், மூன்றாம் நாள் 6 மீட்டர். நான்காம் நாள் முழு உயரம். ஐந்தாம் நாள்தான் மேலே போய் வெட்டுவதும் கொண்டைச் சுத்தமும். ஆறாம் நாள் மதிப்பீடு.

தண்டு மேலே போகப் போக மெலியும். அடியில் வைத்த வட அளவு உச்சியில் தளர்ந்து, மிதி சாயும். இதை மூன்றாம் நாளே, 6 மீட்டரில் நிறுத்தி, அளவைத் திருத்தச் சொல்லிப் பழக்குங்கள்.

தினமும் ஏற்றத்துக்கு முன் பார்க்க வேண்டியவை: கம்பிவடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கருவி ஒதுக்கப்பட வேண்டும், ரப்பர் தேய்ந்ததா, பாதுகாப்பு இடைவாரின் கொக்கி பூட்டுகிறதா, இரவு மழை பெய்து தண்டு நனைந்திருக்கிறதா, கொண்டையில் குளவிக்கூடு உண்டா. பதிவேட்டில் கருவி எண்ணுக்கு நேராகக் கையெழுத்து. இதைச் செய்பவர் பாதுகாப்புப் பொறுப்பாளர், ஆசிரியர் அல்ல. நேரத்துக்குப் பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் ஆசிரியருக்கு இருக்கும். நிறுத்த வேண்டியவருக்கு அது இருக்கக்கூடாது.

வண்டு மருந்துப் பாடத்தில் அளவைத் துல்லியமாகச் சொல்லிக்கொடுங்கள். காண்டாமிருக வண்டுக்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் அடிப்பகுதியில் வைக்க வேண்டும். விரிந்த ஓலையில் முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தால் காண்டாமிருக வண்டு. தண்டில் ஓட்டையும், பழுப்பு நீரும், மென்று தள்ளிய நாரும் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு. இரண்டையும் மாற்றிச் சொல்பவரைத் தோப்புக்காரர் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்.

காப்பீடு பயிற்சிக்கு முன்பே நடைமுறையில் இருக்க வேண்டும். பிரதமர் சுரக்ஷா பீமா ஆண்டுக்கு ரூ. 20, 18 முதல் 70 வயது வரை, விபத்து மரணத்துக்கு ரூ. 2 லட்சம். அது ஜூன் 1 முதல் மே 31 வரை மட்டும் செல்லும். ஏப்ரலில் சேர்ந்தவருக்கு, ஜூன் 1-க்குள் பிரீமியம் எடுக்கும்போது கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பீடு அறுந்துவிடும். மரமேறுபவர்களுக்கென்றே தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரக்ஷா’ காப்பீடு உண்டு, அதற்கும் விண்ணப்பியுங்கள்.

யாராவது விழுந்தால் தூக்கி உட்கார வைக்கக்கூடாது. முதுகெலும்பில் அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலே உடம்பை முடக்கிவிடும். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். தோப்புக்கு ஆம்புலன்ஸ் வரும் வழியை முதல் நாளே வண்டி ஓட்டிப் பார்த்து வையுங்கள்.

11. மதிப்பீடு

கற்பித்தவர் மதிப்பெண் போடக்கூடாது. தகுதிக் கட்டமைப்புப் படிப்புகளில் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனமே ஆள் அனுப்பும். மற்றப் பயிற்சிகளில் வேறு வட்டாரத்து மூத்த மரமேறி ஒருவரையும் வேளாண் அலுவலர் ஒருவரையும் அழையுங்கள்.

பார்க்க வேண்டியவை: மிதியில் கால் வைக்கும் முன் இடைவாரைப் பூட்டினாரா, நடுவில் வட அளவைத் திருத்தினாரா, 10 மீட்டர் ஏறி இறங்கினாரா, முற்றிய காயையும் இளநீர்க் காயையும் பிரித்து வெட்டினாரா, இளம்பாளையைச் சேதப்படுத்தாமல் கொண்டையைச் சுத்தம் செய்தாரா. முதல் இரண்டில் தவறினால் மற்ற எதில் எவ்வளவு வாங்கினாலும் தேர்ச்சி இல்லை. அவர் இன்னும் இரண்டு நாள் பயிற்சி எடுத்து மறுபடி வரட்டும். இருபதுக்கு இருபதும் தேர்ச்சி என்று காட்ட வேண்டும் என்ற நெருக்கடி மேலிருந்து வரும். மறுப்பது இயக்குநர் குழுவின் கடமை. தேர்ச்சி போட்டு அனுப்பிய ஆள் வேறொருவர் தோப்பில் விழுந்தால், அந்தத் தாளில் இருப்பது உங்கள் கையெழுத்து.

12. பயிற்சிக்குப் பிறகு

நிறுவன அலுவலகத்தில் ஒரு முறைப்பட்டியல் தொடங்குங்கள்: எந்தத் தோப்பு, எந்த நாள், யார். முதல் மாதம் புதியவர்களைப் பழையவர்களோடு ஜோடி சேர்த்து அனுப்புங்கள். மரத்துக்குக் கூலி எவ்வளவு என்பதை, தோப்புக்காரரும் மரமேறியும் இருக்கும் பயிற்சிக் குழுவில் பேசி, எழுதி ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் முதல் வாரத்திலேயே கூலித் தகராறில் ஆட்கள் சிதறிவிடுவார்கள்.

30, 90, 180-ஆம் நாட்களில் ஒவ்வொருவரையும் நேரில் பாருங்கள். தொலைபேசியில் கேட்டால் எல்லோரும் ‘ஏறிக்கிட்டுதாங்க இருக்கேன்’ என்பார்கள். இயக்குநர் குழுவுக்குப் போகும் அறிக்கை ஒரே பக்கம், ஆறு எண்கள்: சேர்ந்தவர், முடித்தவர், தேர்ந்தவர், 90-ஆம் நாளில் மாதத்துக்கு 8 நாளாவது ஏறுபவர், அடிபட்டவர், தேர்ந்தவர் ஒருவருக்கு ஆன செலவு.

நான்காவது எண் வராமல் இரண்டாம் அணிக்கு அனுமதி தராதீர்கள். 20 பேரில் 12 பேர் ஏறிக்கொண்டிருந்தால் அதே முறையில் தொடரலாம். 5 பேர் மட்டும் என்றால் நிறுத்திவிட்டு, விலகியவர்கள் வீட்டுக்கே போய்க் கேளுங்கள்: கூலியா, கருவியா, பயமா, தொடர்ச்சியாக வேலை இல்லையா. ஒவ்வொன்றுக்கும் திருத்தம் வேறு. கூலி என்றால் பயிற்சிக் குழுவிலும், கருவி என்றால் கொள்முதலிலும், பயம் என்றால் நான்காம் நாள் பாடத்திலும், வேலை இல்லை என்றால் 2-ஆம் பகுதியின் கணக்கிலும் கை வைக்க வேண்டும்.

அடிபட்டவர் என்ற எண் பூச்சியமாக இல்லாவிட்டால், அது எப்படி நடந்தது என்று பாதுகாப்புப் பொறுப்பாளர் எழுதிய குறிப்பும், அதற்குப் பிறகு மாற்றப்பட்டது என்ன என்பதும் அந்த அறிக்கையோடு இணைந்து ஆண்டுப் பொதுக்குழுவுக்குப் போக வேண்டும்.